அண்ணன் சக்கரத்துக் காற்று

அண்ணன் மாரடைப்பில் போய் இன்னும் வருடம் திரும்பவில்லை. தேயிலை ஆலையில் வேலை பார்த்தவர். லீவு கிடைத்தால் மலைப்பாதையில் சைக்கிளோடு கிளம்பிவிடுவார். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரிங்லெட் டவுனில் இருக்கும் என்னை அண்ணி எஸ்டேட்டுக்கு வரச் சொன்னார்.

சைக்கிள் அடுப்படியில் நின்றது. எங்கள் மலையில் பனி எதையும் விட்டுவைக்காது, எல்லாவற்றிலும் பூஞ்சணம் பிடித்துவிடும். அதனால் கல்யாணப் பட்டிலிருந்து பள்ளிச் சான்றிதழ் வரை, எஸ்டேட் தொழிலாளர் லயத்து வீடுகளில் உசத்தியான பொருள் எல்லாம் விறகடுப்புச் சுவரோரம்தான் இருக்கும். அண்ணி சைக்கிளையும் அங்கே சேர்த்துவிட்டார்.

“தினமும் காலைல பம்ப் அடிக்கிறேன் தம்பி. சாயங்காலம் பார்த்தா டயர் குந்திக்கிட்டு இருக்கு. அவரு சைக்கிள் காத்து இல்லாம கெடந்தா எனக்குத் தாங்கல லா.”

அந்த டயர்களில் டியூப் கிடையாது. உள்ளே வெள்ளையாகப் பால் போல ஒரு திரவம் ஊற்றியிருக்கும். முள் குத்தினால் அது ஓடிப்போய் ஓட்டையை அடைக்கும். அண்ணன் அவ்வப்போது சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பார். நானும் குலுக்கினேன். சத்தமே இல்லை. வால்வைக் கழற்றி மெல்லிய பிளாஸ்டிக் குச்சியை உள்ளே விட்டேன். காய்ந்தே வந்தது.

அடுப்புச் சூடு பாலைக் குடித்துவிட்டது. அதை அண்ணியிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

“பழசாயிருச்சு அண்ணி. தொறந்து சுத்தம் பண்ணி புதுசு ஊத்தணும்.”

“அவரு கையால ஊத்துனது அது. எடுக்காத தம்பி.”

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. அண்ணிமேல் இல்லை, இப்படி அவசரப்பட்டுப் போனவர்மேல். “எடுக்கலைன்னா காத்து நிக்காது அண்ணி” என்றேன். அவர் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “சரி, செய்” என்றார்.

டயரை விளிம்பிலிருந்து விலக்கினேன். பால் உள்ளே தோல் தோலாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. அண்ணியும் பக்கத்தில் உட்கார்ந்து உரித்தார். உரித்ததில் ஒரு துண்டைக்கூட வீசாமல் மடியில் சேர்த்துக்கொண்டார். அண்ணன் வாங்கி வைத்திருந்த புதுப் பாலை இரண்டு டயரிலும் ஊற்றி, காற்றடித்து, சக்கரங்களைச் சுற்றிவிட்டேன். சைக்கிளை முன்னறைக்கு மாற்றினேன். மழை விடாததால் அன்று அங்கேயே தங்கிவிட்டேன்.

மறுநாள் காலை அண்ணி குளித்துவிட்டு பம்போடு வந்தார். முன் டயரை அமுக்கிப் பார்த்தார். கல்லாக இருந்தது. பின் டயரும் அப்படியே. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

“நல்லா நிக்குது அண்ணி. இனிமே மாசத்துக்கு ஒரு தடவை பார்த்தா போதும் லா” என்றேன்.

அண்ணி பம்பைக் கீழே வைக்கவில்லை.

“அப்ப நான் காலைல எழுந்து என்ன பண்றது தம்பி?”