என் மிஷினைப் பார்க்கப் போன நாள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நானும் என் வீட்டுக்காரரும் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறோம். கார் கதவுக்குக் கீல் செய்கிற கம்பெனி. அவர் பேக்கிங்கில் பர்மனென்ட், நான் பிரஸ் மிஷினில் கான்ட்ராக்ட். ஐந்தே வருடத்தில் ஒரு ஷெட் மூன்று ஷெட்டானது. கீல் கப்பலேறி வெளிநாடு போகிறது. அந்த வளர்ச்சியில் அவருக்கு போனஸ் இரட்டிப்பானது, எனக்குத் தினக்கூலி ஒரு டீ விலை கூடியது. வயிறு எரியாதா? எரியும். இரண்டும் ஒரே வீட்டுக்குத்தானே வருகிறது என்று அவரை முறைத்துவிட்டுச் சும்மா இருப்பேன்.

ஆயுத பூஜையன்று பர்மனென்ட்காரர்கள் குடும்பத்தைக் கூட்டிவந்து கம்பெனியைச் சுற்றிக்காட்டலாம். கான்ட்ராக்டுக்கு அன்று கூலியில்லாத லீவு, உள்ளே வரக்கூடாது. எங்கள் ஏழு வயது மகளுக்கோ அம்மா ஓட்டுகிற மிஷினைப் பார்த்தே ஆக வேண்டும். வகுப்பில் யாரும் நம்பவில்லையாம்.

"நீ என் பொண்டாட்டியா வா. இங்க வேல செய்றேன்னு மட்டும் வாயத் தொறந்துடாத," என்றார் வீட்டுக்காரர்.

நாங்கள் கிறிஸ்தவர்கள், ஆனாலும் ஆயுத பூஜைப் பொரி என்றால் நான்தான் முதல் ஆள். பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, அண்ணனூரில் ரயிலேறிப் போனோம். தினமும் என் டிபன் பாக்ஸைத் திறந்து பார்க்கிற செக்யூரிட்டி, ஆள் தெரியாமல் எனக்குப் பன்னீர் தெளித்தார்! சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

குங்குமமும் வாழைக்கன்றுமாக நின்றது என் பிரஸ். போன வாரம் சேர்ந்த இன்ஜினியர் தம்பி என்னைத் தொப்பியும் மாஸ்கும் இல்லாமல் பார்த்ததில்லை. "இது டேஞ்சரான மிஷின் மேடம், தள்ளி நில்லுங்க," என்றார். என்னைப் பார்த்து! சுற்றிப்பார்க்க வந்த முதலாளிக்கு முன்னால் ஓட்டிக்காட்டப் பட்டனை அழுத்தினார். அசையவில்லை. மறுபடி அழுத்தினார். அவருக்கு வியர்த்துக் கொட்டியது. அதன் தடுப்புக் கதவு சரியாக மூடாது, மூடாவிட்டால் மிஷின் ஓடாது. அது எனக்குத் தெரியும்.

"இன்னாம்மா, ஓடாதா?" மகள் முகம் வாடிவிட்டது. அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. முந்தானையை இழுத்துச் செருகினேன். இடுப்பால் கதவை ஓர் இடி இடித்துவிட்டு, இரண்டு கையாலும் பட்டன்களை அழுத்தினேன். டமார்! கீல் வந்து விழுந்தது. மகள் குதித்தாள், எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் நாலு கீல் அடித்துத் தள்ளினேன்.

முதலாளி என் வீட்டுக்காரரின் தோளில் தட்டினார். "பிரமாதம்! வீட்டம்மாவுக்கு நல்லா சொல்லிக் கொடுத்திருக்கீங்களே!"

வீட்டுக்காரர் திருதிருவென்று விழித்தார். மகளைப் பார்த்தார். பிறகு பட்டென்று சொன்னார்: "எனக்கு இத ஓட்டவே தெரியாது சார். இவதான் டெய்லி ஓட்டிகினு கீறா. உங்க கான்ட்ராக்ட் ஆளு சார்."

முதலாளி என்னைப் பார்த்து ரொம்ப சந்தோஷம் என்றார். பிறகு பூஜைப் பரிசு வாங்குகிற பர்மனென்ட்காரர்களின் லிஸ்டைப் பார்த்தார். பரிசுப் பையை வீட்டுக்காரர் கையில் கொடுத்தார்.

"எங்கம்மாவுக்கு?" என்று ஷெட்டே கேட்கும்படி கேட்டாள் மகள்.

முதலாளி இன்ஜினியரைப் பார்த்தார், இன்ஜினியர் மிஷினைப் பார்த்தார். நான் வாய்விட்டே சிரித்துவிட்டேன்.