மீதி ஒன்பது நாள்

செய்தி வந்தபோது நான் விடுப்பு விண்ணப்பங்களைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். டெஸ்பாட்சில் இருக்கும் ஷிண்டே போனை வைத்துவிட்டு வந்து, "பெருமாள் பாய், விசாலம் மேடம் குஜர் கயீ" என்றான். தவறிவிட்டாராம். காலையில் அடுப்பில் குக்கரை ஏற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுப் போனிலிருந்து அவர் கணவர் சொன்னது அவ்வளவுதான். ஐம்பத்திரண்டு வயது. உள்ளே போய் அதிகாரியிடம் சொன்னேன். ஒரு நிமிடம் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு நிமிர்ந்து, விசாலத்தின் பொறுப்பில் இருந்த ரெக்கார்டு ரூம் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேட்டார்.

அன்று ஏறிய கோபம் எனக்கு இன்னும் இறங்கவில்லை. நம் ஆபீஸ் தமிழர்கள் போடும் மலருக்கு விசாலத்தைப் பற்றி ஒரு பக்கம் வேண்டும், நல்லதாக நாலு வார்த்தை எழுது என்று கேட்டீர்கள். பதினேழு வருடம் அவரோடு ஒரே ஆபீசில் உட்கார்ந்தவன் நான். நல்லதாக எழுத வரவில்லை. வருவதை எழுதித் தருகிறேன், பிடிக்காவிட்டால் போடாதீர்கள்.

காரியங்கள் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, செம்பூரில் அவர் குடியிருந்த கட்டடத்தின் பின்புறம் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். ஷாமியானா, வாடகை நாற்காலிகள், மைக், மாலை போட்ட படம், ஒன்றுக்கும் குறைவில்லை. என் நாற்காலியின் ஒரு கால் மட்டும் மண்ணில் இறங்கிக்கொண்டே இருந்தது. குனிந்து பார்த்தேன். புதிதாகக் கொட்டி மட்டம் செய்த மண். நான் உட்கார்ந்திருந்தது விசாலத்தின் காய்கறிப் பாத்தியின் மேல்.

சொசைட்டி செக்ரட்டரி மைக்கைப் பிடித்தார். "அம்மா தனக்குன்னு எதையுமே கேட்டதில்லை. குடும்பம் உண்டு, ஆபீஸ் உண்டுன்னு இருந்தாங்க. அவங்க போன துக்கத்துல அவங்க வச்ச அவரைக்கொடிகூட காஞ்சு போச்சு. அதனாலதான் அதை எடுத்துட்டு, இடத்தைச் சுத்தம் பண்ணி, அவங்களுக்கே கூட்டம் வச்சிருக்கோம்." நீங்கள் உச்சுக் கொட்டினீர்கள். முன் வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் பேசாமல்தான் உட்கார்ந்திருந்தேன்.

அட மகராசன்களா, அந்தக் கொடி துக்கத்தில் காயவில்லை. விதைக்கு விட்டது. நல்ல திரண்ட காய்களாகப் பார்த்து, பறிக்காமல், கொடியிலேயே காயட்டும் என்று விட்டிருந்தார். மாசியில் அவரைக்கொடி காயாமல் பூக்குமா? நெற்று கையில் குலுங்குகிற பருவத்தில் வேரோடு பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டு, செத்தவள்மேல் பழியைப் போட்டாயிற்று. இது ஒரு பொய். தனக்கென்று எதையும் கேட்டதில்லை என்பது அதைவிடப் பெரிய பொய். கேட்டார். ஒரு மாதம் லீவு கேட்டார். கேட்ட காகிதம் என் மேஜைக்குத்தான் வந்தது.

விடுப்புக்குக் காரணம் என்ன எழுதுவது என்பது நம் ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். பம்பாயில் தமிழன் எடுக்கிற நீண்ட லீவு எதுவானாலும் காரணம் ஒன்றே ஒன்று: நேட்டிவ் பிளேஸ். தங்கை கல்யாணம், மாமனார் சீரியஸ், நிலத் தகராறு, எல்லாம் நேட்டிவ் பிளேஸில்தான் நடக்கும். எழுத வராதவர்களுக்கு நானே எழுதித் தருவேன். ஒருவருடைய மாமனாரை இரண்டு முறை சாகடித்திருக்கிறேன், இரண்டு முறையும் அதிகாரி வருத்தம் தெரிவித்தார். போன வருடம் ஜூன் மாதம் விசாலத்தின் விண்ணப்பம் வந்தது. முப்பது நாள். காரணம் என்ற கட்டத்தில், அவருடைய அழகான ஆங்கிலக் கையெழுத்தில், செடி வைக்க, புத்தகம் படிக்க என்று இருந்தது.

காகிதத்தை எடுத்துக்கொண்டு ரெக்கார்டு ரூமுக்குப் போனேன். "சொல்லுதேன் கேளுங்க மேடம், இது ஆகாது. நேட்டிவ் பிளேஸ், அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு போட்டுருங்க. ரெண்டாவது கேள்வி வராது."

"எங்கம்மா போய்ப் பதினாலு வருஷம் ஆச்சு பெருமாள். திரும்ப ஒரு தடவை படுக்கையில தள்ளணுமா?"

"எல்லாரும் செய்யறதுதானே மேடம்."

"நான் பொய்யே சொல்லாதவ இல்லை. சாம்பார்ல உப்பு சரியா இருக்கான்னு கேட்டா தினம் பொய்தான் சொல்றேன். இதுக்குச் சொல்ல மாட்டேன். முப்பது வருஷத்துல எனக்குன்னு எடுக்கற லீவு, அதுக்கும் வேற யாரோட வியாதியையா எழுதறது?"

அதிகாரி இரண்டு தடவை திருப்பி அனுப்பினார். மூன்றாம் தடவை, எக்கேடும் கெட்டுப் போ என்கிற மாதிரி கையெழுத்துப் போட்டார். ஹாலில் சிரித்தீர்களே, நினைவிருக்கிறதா? லீவு எடுத்துக்கொண்டு வீட்டில் உட்காரப் போகிறாளாம் என்று. நானும் சிரித்தேன்.

புத்தகம் என்றால் என்ன புத்தகம் என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை. வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து மாதுங்காவில் ஒரு கடையில் பைண்டு செய்து வைத்திருந்தார். எட்டுத் தொகுதிகள். எல்லாம் ஆபீஸ் போகிற ஹார்பர் லைன் ரயிலில் நின்றுகொண்டே படித்தவை. "வாரத்துக்கு ஒரு விள்ளல், அதுவும் குர்லா வந்தா கூட்டம் நெருக்கும், மூடி வைக்கணும். முதல்ல வந்தது யாரு, செத்தது யாருன்னே மறந்து போச்சு. ஒரு தடவையாவது இலை போட்டு உக்காந்து சாப்பிடணும் பெருமாள்" என்பார்.

பாத்தி என்று சொன்னேனே, அது பத்தடிக்கு ஆறடி இருக்கும். தரைத்தள வீடு, சமையலறைக் கதவைத் திறந்தால் செங்கல் துண்டும் சிமெண்டுக் கட்டியும் கிடந்த இடம். லீவின் முதல் வாரம் முழுக்கக் கல் பொறுக்கியிருக்கிறார். அரிசி களைந்த தண்ணீரை வாளியில் சேர்த்து ஊற்றி, அவரை, வெண்டை, கொஞ்சம் கீரை. "ஊர்ல ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்லுவா. பம்பாய்ல ஆனியிலேயே பிச்சிண்டு கொட்டறது, நாம என்னத்தைத் தேடறது?" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

அந்த மாதத்தை வீட்டில் விட்டார்களா என்றால் இல்லை. விசாலம் வீட்டிலதானே இருக்கா என்று உல்லாஸ்நகரிலிருந்து நாத்தனார் இரண்டு பிள்ளைகளோடு வந்து இறங்கினார். நாலு நாள் என்று வந்தவர் புதுக் கலர் டி.வி. முன்னால் பதினாறு நாள் இருந்தார். வீட்டிலதானே இருக்கே என்று கல்லூரிக்குப் போகும் மகன் மத்தியானம் சூடாகச் சோறு கேட்டான். விசாலம் ஒருவரையும் திட்டவில்லை. எல்லாவற்றையும் செய்து போட்டுவிட்டு இரண்டு மணிக்குக் கொல்லைக் கதவை வெளியிலிருந்து தாழ் போட்டுக்கொண்டார். இரண்டிலிருந்து நாலு வரை முக்காலி, அவரைப் பந்தல், பைண்டு புத்தகம். முதல் நாள் தட்டினார்களாம். இரண்டாம் நாளும் தட்டினார்களாம். மூன்றாம் நாள் கணவர் ராமசேஷன் மட்டும் முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார், கையில் குடையோடு. மழை பிடித்துக்கொண்டது, விசாலம் எழுந்திருக்கக் காணோம், ஆகவே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அதற்குப் பிறகு தினமும் நாலு மணிக்கு அவரே டீ போட்டு எடுத்து வருவாராம். இதை எனக்குச் சொல்லும்போது விசாலத்தின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

இருபத்தோராம் நாள் ஆபீசுக்கு ஆடிட்காரர்கள் வந்தார்கள். ஒரு பழைய ஃபைலைக் காணவில்லை. அதிகாரி என்னைக் கூப்பிட்டார். "வோ கர் பே ஹீ ஹை நா? வீட்டில்தானே இருக்கிறாள்? நேட்டிவ் பிளேஸ் போகவில்லையே? கூட்டிக்கொண்டு வா." காரணம் கட்டத்தில் உண்மையை எழுதியதற்கு அதுதான் கூலி. பொய் எழுதிய ஒருவனையாவது திருநெல்வேலியிலிருந்தோ பாலக்காட்டிலிருந்தோ யாராவது பாதியில் கூப்பிட்டதுண்டா?

போனேன். மத்தியானம் மூன்று மணி. கட்டடத்தைச் சுற்றிப் பின்னால் போனபோது மடியில் ஆறாவது தொகுதியோடு உட்கார்ந்திருந்தார். பந்தலில் அவரை அப்போதுதான் கைவீசி ஏறிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. தோட்டம் பார்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். ஒவ்வொரு செடியாகக் காட்டி முடிக்கிற வரைக்கும் பின்னாலேயே போனேன். பிறகு சொன்னேன்.

"நான் வரலைன்னா உங்களைத் திட்டுவாரா?" என்று கேட்டார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இல்லை மேடம், படிங்க என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குத் திரும்பி, வீடு பூட்டிக் கிடக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஊரான் மாமனாரைக் கொன்று எழுதிய கை என்னுடையது. அத்தனை பேருக்குப் பொய் எழுதிக் கொடுத்த எனக்கு, அவருக்காக ஒரு பொய் வாயில் வரவில்லை. "ஆமா மேடம், கடிச்சுக் கொதறிருவாரு" என்றேன். விசாலம் புத்தகத்தை மூடினார். "மீதி ஒன்பது நாள் எங்கே போயிடும், அப்புறம் எடுத்துக்கறேன்" என்றார். புடவை மாற்றிக்கொண்டு என்னோடு ரயில் ஏறினார்.

ஃபைல் கால் மணி நேரத்தில் கிடைத்தது. அதிகாரியின் சொந்த அலமாரியில், அவர் கோட்டுக்கு அடியில் இருந்தது. மறுநாள் லீவுக்குத் திரும்பிப் போகலாமா என்று விசாலம் கேட்டதற்கு, வந்ததுதான் வந்தாய், ஆடிட் முடியட்டும் என்றார் அதிகாரி. ஆடிட் முடிய மூன்று வாரம் ஆயிற்று. தீபாவளிக்குப் பிறகு ஒன்பது நாள் கேட்டார், ஆள் இல்லை என்று பதில். ஜனவரியில் கேட்டார், கணக்கு வருடக் கடைசி நெருங்குகிறது என்று பதில். அந்த இரண்டு பதிலையும் டைப் அடித்தவன் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாசியில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கூட்டம் முடிந்து நீங்கள் காபி குடித்துக்கொண்டிருந்தபோது நான் கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தேன். ராமசேஷன் பின்னால் வந்து நின்றார். "என்ன தேடறேள் பெருமாள்?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்டிருப்பேன். "இது காஞ்ச கொடி இல்ல சார். வெதைக்கு விட்டது" என்று மட்டும் சொன்னேன்.

அவர் ஒரு நெற்றைக் கையில் வாங்கி உடைத்துப் பார்த்தார். "செக்ரட்டரி எடுக்கலாமான்னு கேட்டார். நான்தான் சரின்னேன். முதல் கொடியை நானே பிடுங்கினேன்" என்றார். அப்படியே வேட்டியோடு குப்பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். இருவரும் உட்கார்ந்து உரித்தோம். ஒரு டம்ளர் விதை தேறியது. அவர்மேல் இருந்த கோபம் அந்த டம்ளரோடு போயிற்று. மற்றவர்கள்மேல் இருப்பது அப்படியே இருக்கிறது, என்மேல் இருப்பது கூடியிருக்கிறது.

விசாலத்திடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று கேட்டால், அந்த விதையும், அவர் மறுபடி படிக்காமல் விட்ட ஏழாவது எட்டாவது தொகுதிகளும். ராமசேஷன் கொடுத்தார். போன வாரம் முதல் மழை விழுந்தது. மறுநாளே ஒன்பது நாள் லீவுக்கு எழுதிக் கொடுத்தேன். அதிகாரி பேனாவைத் திறந்துகொண்டே, "நேட்டிவ் பிளேஸா?" என்றார். காரணம் கட்டத்தைப் படிக்கச் சொன்னேன். படித்தார். அதே வரியைப் போன வருடம் படித்தது அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும், கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமையிலிருந்து செம்பூரில் அந்தக் கட்டடத்தின் பின்னால் இருப்பேன். முதலில் உங்கள் நாற்காலிகளுக்காகக் கொட்டிய மண்ணை வெட்டி எடுக்க வேண்டும். எந்த ஃபைல் தொலைந்தாலும் சரி, ஒருவரும் கூப்பிட வராதீர்கள்.