வாயு தேடி வந்தவர்

அரியலூர் பக்கம் எங்கள் பருத்திக் காட்டை மிதித்து, துளைபோட வந்த எரிவாயு அதிகாரி அவர். மஞ்சள் தொப்பி, பளபளக்கும் பூட்ஸ். பேசும்போதெல்லாம் குதிகாலால் தரையை உதைப்பார்.

"வெயில்ல, காத்துல கரண்டு எடுக்கறதெல்லாம் வெளையாட்டு. நெசமான கேஸ் இங்க அடியில கெடக்கு."

ஒருநாள் என் மனைவி கொடுத்த டீயைப் பாதி குடித்துவிட்டு, "சிலிண்டர் ஒழுங்கா வருதாம்மா?" என்றார்.

"எங்க வூட்ல சாண கேஸ்தான் சார்."

வாயிலிருந்ததை அங்கேயே துப்பினார். மீதியைச் செடியில் கொட்டினார்.

"காட்டத்தான் கெடுத்தீங்க, டீயையுமா?" என்று அவள் டம்ளரைப் பிடுங்கிக்கொண்டாள்.

யுகயுகமாக மண்ணுக்கடியில் மக்கியதன் வாயுவைத் தேடி அலைந்தவருக்கு, அன்று காலை எங்கள் மாடு போட்டது மட்டும் ஏன் குமட்டியதோ, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.