அந்தூரியம் கணக்கில் இல்லை

பத்தாம் தரப் பெண் பிள்ளைகளை ஒரு நாளாவது பாடசாலைக் கேட்டுக்கு வெளியே கூட்டிப் போகவேண்டும் என்பதுதான் என் ஆசை. உயிர்ப்பல்வகைமையைப் பலகையில் எழுதி எழுதி எனக்கே வெறுத்துப் போயிருந்தது. ஓர் உயிரைப் படமெடுத்து ஏற்றினால், எங்கெங்கோ இருக்கும் ஆர்வலர்கள் பார்த்து இன்னதென்று உறுதிசெய்யும் செயலி ஒன்று இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு பேராதனையில் மகாவலி ஆற்றங்கரையோரம் தேடலாமென்று பாடசாலை அதிபரிடம் போய் நின்றேன்.

எங்கள் அதிபர் யாழ்ப்பாணத்துப் பெண்மணி. கண்டிக்கு வந்து எத்தனையோ வருடமாகியும் பேச்சு மாறவில்லை; கேட்டைத் திறக்க மனமும் வரவில்லை.

“வெளியில என்ன கிடக்கு, டீச்சர்? என்ர தோட்டத்தில இல்லாததோ? இஞ்சையே எடுங்கோ.”

தோட்டமென்றால் அவர் அறை வாசலில் வரிசையாக நிற்கும் அந்தூரியப் பூச்சட்டிகள். பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு என் போனில் சட்டி சட்டியாகப் படமெடுத்தார்கள். பாடசாலைப் பெயரிலேயே ஏற்றினோம். மறுநாள் பார்த்தால், யாரோ ஒரு புண்ணியவான் எல்லாவற்றுக்கும் கீழே ஒரே குறிப்பைப் போட்டிருந்தார்: ஆள் நட்டு வளர்த்தது, கணக்கில் சேராது. அவர் ஏற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றைத்தான். அந்தூரிய இலையைத் தின்றுகொண்டிருந்த ஒரு நத்தை.

போனை அதிபரிடம் நீட்டினேன். உள்ளுக்குள் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

“ஆர் உவன்? என்ர பூ கணக்கில இல்லையாம், அதைத் திண்ட நத்தை கணக்கோ?”

“தானா வந்தத மட்டுந்தான் சேர்ப்பாங்க, மேடம்.”

“அப்ப எங்கட பள்ளிக்கூடத்தில நத்தை மட்டும்தான் இருக்கெண்டு ஊருலகம் பாக்கப்போகுதோ?”

“இப்பவே பாக்குது, மேடம்.”

ஐயோ, அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் நத்தையைப் பார்த்தார்.

“பஸ்ஸைப் பிடியுங்கோ. நானும் வருவன்.”

கரைக்கு வந்ததும் பிள்ளைகள் ஓட்டமாக ஓடினார்கள். பாறையொன்றில் நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான், எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒருத்திகூட என்னிடம் போன் கேட்கவில்லை. பறந்துவிட்டால் பதிவு போய்விடுமே என்று எனக்குப் பதறியது. அதிபர் என்னை முந்திக்கொண்டார்.

“என்ன பிள்ளையள், பாத்துக்கொண்டு நிக்கிறியள்? கெதியா எடுங்கோ! நத்தையோடையே நிக்கப்போறியளோ?”

முன்னால் நின்றவள் திரும்பாமலே கையைக் காட்டினாள்.

“கொஞ்சம் பொறுங்க மேடம். மொதல்ல நாங்க பாத்துக்கிறோம்.”

அதிபர் பிடித்திருந்த குடையை மடக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றார்.