காந்தத்துக்குள் போன வீட்டுத் தேன்

ஆபீஸில் அவளுக்குக் காந்தம் என்று பேர். அழகைப் பார்த்து வைத்த பேர் என்று அவள் கணவன் மட்டும் நம்பிக்கொண்டிருந்தான். உண்மையில் அந்த உணவுப் பரிசோதனைக் கூடத்தில் ஆள் உயரத்துக்கு நிற்கிற காந்த இயந்திரத்துக்கு அவள்தான் சகலமும். இயந்திரத்தைச் சுற்றித் தரையில் ஒரு மஞ்சள் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் சாவி, கைக்கடிகாரம், கொண்டை ஊசி எதுவும் போகக் கூடாது. சேர்ந்த புதிதில் அவள் பையிலிருந்த ஸ்பேனர் ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப்போய் இயந்திரத்தின் வயிற்றில் ஒட்டிக்கொண்டது. அதைப் பிரித்தெடுப்பதற்குள் ஆபீஸே திரண்டு வந்து தள்ளுமுள்ளு ஆகிவிட்டது. அன்றிலிருந்து வீட்டில்கூட எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் தன் பையைத் தட்டிப் பார்த்துக்கொள்வாள். “எதைத் திருடிட்டுப் போறே?” என்று மாமியார் கேட்பார்.

மாமியார் பொல்லாதவர் இல்லை. வாய் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். மருமகளுக்கும் அது குட்டை இல்லை என்பதால் இருவருக்கும் நன்றாகவே ஒத்துப்போயிற்று.

அவள் வேலை இதுதான். தேனோ எண்ணெயோ பழச்சாறோ, எது வந்தாலும் பென்சிலைவிட மெல்லிய கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் எடுத்து, காந்தத்தின் நடுவில் இருக்கும் துளைக்குள் இறக்குவாள். ரேடியோ அலையை உள்ளே அனுப்பினால் குழாயில் இருக்கிற ஒவ்வொரு பொருளும் பதில் கொடுக்கும், வகுப்பில் பேர் கூப்பிட்டதும் “உள்ளேன் ஐயா” சொல்கிற மாதிரி. அந்தப் பதில்கள் திரையில் சிறிதும் பெரிதுமாக முகடு முகடாக எழும். ஒவ்வொரு சர்க்கரைக்கும் ஒவ்வொரு அமிலத்துக்கும் அதற்கென்று ஓர் இடம். இடம் மாறி உட்கார முடியாது. அழையாமல் நுழைந்தவரும் அகப்படுவார், வர வேண்டியவர் வராவிட்டாலும் தெரிந்துவிடும்.

அந்த வருஷம் கூடத்தில் புதிதாகத் தேன் பரிசோதனை தொடங்கினார்கள். அதற்கு முதலில் அசல் தேன்கள் வேண்டும். அவற்றை இயந்திரத்தில் ஓட்டி, தேன் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று கணினிக்குக் காட்டிக்கொடுக்க வேண்டும். கூடத்தின் தலைவர் எல்லாரையும் கூப்பிட்டு, “கடையில வாங்கினது வேண்டாம். யாரோட தேனுக்கு உங்களால சத்தியம் பண்ண முடியும்?” என்று கேட்டார். முதலில் கையைத் தூக்கியவள் காந்தம்.

தூக்காமல் என்ன செய்வாள்? மாமியாருடைய தம்பி தேனீ வளர்க்கிறார். வீட்டில் எல்லாருக்கும் அவர் தேன் மாமா. முறைப்படி பார்த்தால் இவளுக்கு அவர் மாமா ஆக மாட்டார். ஆனால் பட்டப்பெயர் முறை பார்த்தா வருகிறது? வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு பாட்டில் தேனோடு வருவார். ஒன்றைச் சாப்பிடுவார்கள். இன்னொன்றில் மாமியார் வருஷத்தை எழுதி ஒட்டி, அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த அலமாரி திறக்கப்படும். “என் தம்பி தேன். தொட்டு நக்கிப் பாருங்க. இந்த மாதிரி எங்கேயாவது கிடைக்குமா?” வந்தவர்கள் நக்கிப் பார்த்துத் தலையாட்டினால்தான் காபி வரும். பெற்ற பிள்ளையைவிட அந்தத் தம்பியிடம் அவருக்கு உயிர். அம்மா இல்லாத வீட்டில் இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அல்லவா?

ஆக, அலமாரியில் இருந்த அத்தனை வருஷத் தேனும் கூடத்துக்குப் போயிற்று. மற்றவர்கள் ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவந்தார்கள். காந்தம் ஒரு பெட்டி கொண்டுவந்தாள். மாமா தேனின் முகடுகளைத் திரையில் பார்த்துவிட்டுத் தலைவருக்கே வாய் பிளந்துவிட்டது. “எந்த வருஷத்தை எடுத்தாலும் ஒரே மாதிரி இருக்கே! என்ன தரம், என்ன தரம்!” என்று கூட்டத்தில் எல்லார் முன்னாலும் பாராட்டினார். சத்தியம் செய்து கொடுத்த தேனை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? சாயங்காலம் மாமியாரிடம் சொன்னாள். மாமியார் தெரு முழுக்கச் சொன்னார்.

முதல் வாடிக்கையாளர் ஒரு தேனீக்காரம்மா. பருமனான உடம்பு, கணீரென்ற குரல். பீப்பாய் பீப்பாயாகத் தேன் எடுத்து, வாங்குகிறவர் கேட்டதால் மாதிரி அனுப்பியிருந்தார். அசல் தேனோடு பொருந்தவில்லை என்று கணினி சொல்லிவிட்டது. மறுநாள் காலையில் அந்தம்மா நேரே வந்து நின்றார்.

“கலப்படம்னு எழுதினா என் பேரே போயிடும்மா. இனி ஒருத்தரும் என்கிட்ட வாங்க மாட்டாங்க. பூவுக்குப் பூ அலைஞ்சு கொண்டுவந்தது என் பொண்ணுங்க. அதுங்களை நான் எப்படிச் சாட்சி சொல்லக் கூட்டிட்டு வர்றது?”

பொண்ணுங்க என்று அவர் சொன்னது தேனீக்களை. காந்தத்துக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். “இன்னொரு தடவை பார்க்கறேன்மா” என்றாள்.

சொன்னபடி எல்லாவற்றையும் திரும்பத் திரையில் எடுத்து, ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தாள். மற்றவர்கள் கொண்டுவந்த தேன்கள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் முன்னே பின்னே இருந்தன. ஒன்றில் ஒரு அமிலம் தூக்கல், இன்னொன்றில் அதே அமிலம் அடக்கம். மாமா தேன் மட்டும் எத்தனை வருஷத்தைப் போட்டாலும் ஒரே கோடு. பாராட்டு வாங்கித் தந்த அதே கோடு இப்போது சந்தேகத்தைக் கிளப்பியது. மழை நன்றாகப் பெய்த வருஷமும் உண்டு, பொய்த்த வருஷமும் உண்டு. ஒரு பூகூடவா மாறாமல் இருந்திருக்கும்? மதியச் சாப்பாட்டைக்கூட எடுக்காமல் பேக்கரி சாமான் விற்கிற கடைக்கு ஓடி, மிட்டாய்க்குப் போடுகிற சர்க்கரைப் பாகு ஒரு டப்பா வாங்கிவந்து அதையும் இயந்திரத்தில் ஓட்டினாள். மாமா தேனில் எல்லா வருஷமும் தவறாமல் நின்ற ஒரு சின்ன மேடு, பாகில் மலை மாதிரி எழுந்து நின்றது. அழையா விருந்தாளி!

தலைவரிடம் போய் நின்றாள். “சார், நம்ம அளவுகோலே தப்பு சார். எங்க வீட்டுத் தேன் தேனே இல்லை.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். “அப்போ பாகை வெச்சுக்கிட்டுத் தேனை ஃபெயில் பண்ணியிருக்கோம்!”

நல்ல மனுஷன், சிரித்துவிட்டார். வேறு பெரிய கூடத்திலிருந்து அசல் தேன்களின் விவரம் வரவழைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தார்கள். தேனீக்காரம்மாவின் தேன் பத்தரைமாற்று என்று வந்தது. அந்தம்மா வந்து காந்தத்தின் கன்னத்தைக் கிள்ளி, தன் ஃபோன் நம்பரையும் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தக் கவலை தீர்ந்தது. இனி மாமியாரிடம் யார் சொல்வது? அவர் பெருமை போனால் போகட்டும், நாலு நாள் முணுமுணுத்துவிட்டு வேறு பெருமை தேடிக்கொள்வார். அக்காவும் தம்பியும் முகம் முறித்துக்கொண்டால் என்ன ஆவது? அதுதான் அவளை உறுத்தியது. கணவனைக் கேட்டாள். “நான் இந்த ஆட்டத்துக்கே வரலை” என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடலாம் என்று அவள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு இருக்கையில், ஞாயிற்றுக்கிழமை காலையில் தேன் மாமாவே இரண்டு பாட்டிலோடு வந்து இறங்கினார்.

“வாடா ராஜா!” என்றார் மாமியார். “விஷயம் தெரியுமா? உன் தேனைக் கொண்டுபோய் இவ லேப்ல வெச்சிருக்காங்க. காந்தத்துக்குள்ள விட்டுப் பார்த்தாங்களாம். உலகத்துத் தேனுக்கெல்லாம் உன் தேன்தான் மாதிரியாம்!”

மாமாவின் கை பாட்டிலோடு அப்படியே நின்றது.

“எந்த லேப்?”

“நம்ம வீட்டு மருமக லேப்புதான்.”

மாமா காந்தத்தைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். அது போதுமாக இருந்தது. அவர் பாட்டில்களை மேஜையில் வைத்துவிட்டு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“அக்கா, முதல் வருஷம் மட்டும்தான்கா அசல். கையில கிடைச்சதே ஒரு கிண்ணம்தான், அதையும் அன்னிக்கே எல்லாரும் நக்கித் தீர்த்தாச்சு. அதுக்கப்புறம் பூச்சி எல்லாம் பெட்டியை விட்டுப் பறந்துபோயிடுச்சு. எனக்கும் கொட்டு வாங்கி மூஞ்சி பூசணிக்காய் மாதிரி வீங்கிடுச்சு. நீ அதுக்குள்ள ஊர் பூரா சொல்லிட்டே. அடுத்த வருஷம் ஃபோன் பண்ணி, தேன் ரெடியாடானு கேட்டே. இல்லைனு சொல்ல வாய் வரலை.”

“அப்போ இது?”

“மிட்டாய்ப் பாகு. கடையில வாங்கி நான்தான் காய்ச்சினேன்.”

“நீயா? அடுப்புல நின்னா?”

“ஆமாக்கா.”

“ஒரு நாளாவது பொண்டாட்டிக்கு வெந்நீர் வெச்சுக் கொடுத்திருக்கியாடா நீ?”

காந்தத்துக்குச் சிரிப்பு பீறிட்டது. மாமியார் சிரிக்கவில்லை. அவர் கண் கலங்கியிருப்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள். அந்த நீள வாய்க்குச் சொந்தக்காரர் எழுந்தார். புதுப் பாட்டில் இரண்டையும் எடுத்துத் தம்பியின் பையில் வைத்து, பையை வாசலில் வைத்தார். “நான் யாரு உனக்கு? என்கிட்டயே இல்லைனு சொல்ல முடியலையா?” என்று மட்டும் கேட்டார். மாமா பையை எடுத்துக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் வீடு நன்றாக இல்லை. மாமியார் மருமகளைக் கோபிக்கவில்லை, கோபித்திருந்தால்கூடத் தேவலை. யார் வந்தாலும் காபி மட்டும் வந்தது. ஃபோன் அடித்தால் எடுக்கிற மாதிரி கை போகும், தம்பி பேரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். கொஞ்ச நாளில் அந்த ஃபோன் வருவதும் நின்றது. காந்தம் ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் மாமாவுக்கு அந்தத் தேனீக்காரம்மாவின் நம்பரை அனுப்பி வைத்தாள். “போய்க் கத்துக்குங்க மாமா” என்று ஒரு வரி.

பல மாதங்கள் கழித்துப் பரிசோதனைக் கூடத்தின் வரவேற்பில் ஒரு ஆள் சின்ன பாட்டிலோடு வரிசையில் நின்றார். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. காந்தத்துக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை.

“மாமா! ஃபோன் பண்ணியிருந்தா நானே வந்து வாங்கியிருப்பேனே!”

“வேண்டாம்மா. எல்லாரையும் மாதிரியே நடக்கட்டும். என் பொண்ணுங்க கொண்டுவந்தது” என்றார். அந்தம்மாவின் பேச்சு நன்றாகவே ஒட்டிக்கொண்டிருந்தது.

மற்றவர் தேனைப் பார்க்கிற மாதிரியேதான் பார்த்தாள். முகடுகள் ஒவ்வொன்றாக எழும்போது மட்டும் திரைக்கு இன்னும் கிட்டே குனிந்தாள். பாகின் மேடு இருக்கிற இடம் வெறும் சமதரை. இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, “சுத்தமான தேன் மாமா” என்றாள். அவர் திறந்திருந்த ஒற்றைக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் இருவருமாக வீட்டுக்குப் போனார்கள். மாமியார் கதவைத் திறந்தார். தம்பியின் முகத்தைப் பார்த்தார். “மூஞ்சியைப் பாரு, ஐஸ் வெச்சியாடா?” என்று அதட்டியபடி உள்ளே விட்டார். சமாதானம் அவ்வளவில் முடிந்தது. மாமா பாட்டிலைத் திறந்து கரண்டியில் ஊற்றி நீட்டினார். கறுப்பாகத்தான் இருந்தது, கசப்பான பூக்களின் காலத்துத் தேன். மாமியார் வாயில் விட்டார். வீடே அவர் முகத்தைப் பார்த்தது. கணவன்கூட அன்றைக்கு எங்கேயும் ஓடவில்லை.

“இதுதான்டா தேன்!” என்றார் மாமியார். “என் தம்பி தேன்னா சும்மாவா?”

இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார். மாமா குழந்தை மாதிரி அழுதார்.

அவர் கிளம்பிப் போன பிறகு மாமியார் விறுவிறுவென்று சமையலறைக்குள் போய் வாய் கொப்புளித்தார். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. காந்தம் பின்னாலேயே போய் நின்றாள்.

“என்ன அத்தை?”

“என்ன கசப்புடி! குமட்டிக்கிட்டு வருது. அவன் காய்ச்சினது எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா?”

“அய்யோ, அப்போ நான் மாமாகிட்ட...”

“சொன்னே, தொலைச்சுடுவேன்.” தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார். “இந்தப் பாட்டில் சீக்கிரம் தீரணும், அதைப் பாரு. நீயும் தினம் ஒரு கரண்டி குடி, உன் புருஷனுக்கும் ஊத்து. தீர்ந்துடுச்சு, அடுத்ததை எடுத்துட்டு வாடானு நான் அவனுக்கு ஃபோன் பண்ணணும்.”