வீக்கத்துக்குக் கொடுத்த மாத்திரை

எனக்கு வாய் ஜாஸ்தி. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அங்கன்வாடியில் பதினெட்டு வருஷமாகப் பிள்ளைகளோடு கத்திக் கத்தி இப்படி ஆகிவிட்டது என்பேன் நான். "பொறந்தப்பவே அப்படித்தான்" என்பார் என் வீட்டுக்காரர். அவர் அரசு பஸ் டிரைவர். காரைக்குடியிலிருந்து கண்டரமாணிக்கம் வழியாகத் திருப்பத்தூர் போகிற வண்டி. அதிர்ந்து பேசமாட்டார், ஹாரன்கூட அளவாகத்தான் அடிப்பார். அந்த மனுஷனுக்கு வலிப்பு வந்தபோது நான் அவரைக் கேலி பண்ணிக்கொண்டிருந்தேன். நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அன்று அவருக்கு ஓய்வு நாள். காலை பத்து மணி இருக்கும். கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அவருடைய இடது கை மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது. கியர் போடுகிற கை.

"என்ன, லீவு நாள்லயும் கியர் மாத்துறீகளா? வண்டி எங்க நிக்குது, கண்டரமாணிக்கத்துலயா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கழுத்து ஒரு பக்கம் திரும்பியது, வாய் கோணியது, நாற்காலியோடு சாய்ந்தார். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து, "இரும்பு, இரும்பு!" என்று எங்கள் வீட்டுச் சாவிக்கொத்தையே எடுத்து அவர் கையில் திணித்தார். கொஞ்ச நேரத்தில் இழுப்பு தானாக நின்றது. கண்ணைத் திறந்தவர், இது யார் என்பது மாதிரி என்னைப் பார்த்தார். உள்ளங்கையில் சாவியின் பல் பதிந்திருந்தது.

மதுரையில் ஒரு நரம்பு டாக்டரிடம் காட்டினோம். சின்ன வயசுப் பெண்தான். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, மோதிரம் போல இருந்த ஒரு வட்டத்தைக் காட்டினார். நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போய், அதிலிருந்து வந்த குஞ்சு ரத்தத்தோடு மூளைக்குப் போய்க் கூடு கட்டியிருக்கிறதாம்.

"மூளைலயா? பூச்சியா?" என்றேன். "டாக்டர், அவுக பன்னிக்கறியைத் தொட்டதுகூட இல்லை."

"கறியில இருந்து இது வர்றதில்லம்மா. வயித்துல புழு இருக்கற யாரோ ஒருத்தர் கை கழுவாம தொட்டதைச் சாப்பிட்டிருப்பாரு. கழுவாத வெள்ளரிக்காய், பச்சை வெங்காயம், என்ன வேணா இருக்கலாம். எந்த ஊர்ல, எந்த வருஷம்னு யாராலயும் சொல்ல முடியாது."

தினமும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திச் சோப்புப் போட்டுக் கை கழுவ வைக்கிறவள் நான். வருஷத்துக்கு இரண்டு தடவை பூச்சி மாத்திரை கொடுத்து, முழுங்குகிறதா இல்லையா என்று ஒவ்வொரு வாயையும் திறந்து பார்க்கிறவள். என் வீட்டு மனுஷனின் மண்டைக்குள் புழு! எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். புழு உயிரோடு இருக்கிறவரை உடம்பை ஏமாற்றிக்கொண்டு சத்தமில்லாமல் படுத்துக் கிடக்குமாம். அது சாகும்போதுதான் உள்ளே ஒரு அந்நியன் இருப்பது உடம்புக்குத் தெரிகிறதாம். உடனே சண்டைக்குக் கிளம்பிவிடும். அந்தச் சண்டையில் மூளை வீங்குகிறது, அந்த வீக்கத்தால்தான் வலிப்பு. "புழு பண்ணுனதை விட, புழுவை எதுத்து உங்க உடம்பு பண்றதுதான் இங்க தொந்தரவு" என்றார்.

மூன்று மாத்திரை எழுதினார். வலிப்புக்கு ஒன்று, புழுவைக் கொல்ல ஒன்று, வீக்கத்துக்கு ஒன்று. அந்த மூன்றாவது, உடம்பின் கோபத்தை அடக்கி வைப்பதற்கு. "அதை மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க. நான் சொல்றபடி கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்."

"நான் அங்கன்வாடி டீச்சர் டாக்டர், ஊருக்கே மாத்திரை குடுக்கறவ" என்றேன்.

என் வீட்டுக்காரர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "வண்டி ஓட்டலாமா?"

"இப்ப கூடாது. மாத்திரை முடியட்டும், வீக்கம் வத்தட்டும், மறுபடி ஸ்கேன் பாப்போம். அதுக்கப்புறமும் ரொம்ப நாளைக்கு வலிப்பே வராம இருந்தா யோசிக்கலாம். நடுவுல இன்னொரு தடவை வந்துச்சுன்னா பஸ் ஓட்டறதுக்கு நான் கையெழுத்துப் போட முடியாது."

டெப்போவில் அவரை ஒரு மேஜையில் உட்கார வைத்து, வண்டி போகிற வருகிற நேரத்தை எழுதச் சொன்னார்கள். அவர் வண்டியை வேறு ஒருத்தர் எடுத்துப்போவதை அவரே எழுதினார். வீட்டுக்கு வந்து, "கிளட்சை மிதிச்சுக்கிட்டே ஓட்டுறான்" என்று மட்டும் சொல்வார். எத்தனை நாளில் திரும்ப ஏறலாம் என்று காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

ஆறேழு நாளில் முகம் உப்பினாற்போல் தெரிந்தது. தூக்கம் போச்சு. சாதுவான மனுஷன், குழம்பில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளிவிட்டார். அந்த நேரம் பார்த்து அமராவதிபுதூரிலிருந்து என் அக்கா வந்தாள். கொரோனா சமயத்தில் அண்டா நிறையக் கபசுரக் குடிநீர் காய்ச்சித் தெருவுக்கே ஊற்றியவள். வீக்கத்துக்குக் கொடுத்த மாத்திரையின் அட்டையை வாங்கி, அதிலிருந்த பெயரைப் போனில் போட்டுப் பார்த்தாள்.

"அடியேய், இது ஸ்டீராய்டுடி! எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும்னு போட்டிருக்கு. உள்ள பூச்சியை வச்சுக்கிட்டு எதிர்ப்பு சக்தியைக் குறைக்கறதா? இது எந்த ஊரு நியாயம்?"

அந்த இரண்டு வருஷம் எதிர்ப்பு சக்தி என்ற வார்த்தையைச் சாமி பேர் மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தோமே, அது அவ்வளவு சீக்கிரம் விட்டுப் போகுமா? டாக்டர் படித்துப் படித்துச் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் அக்கா சொன்னதுதான் நியாயமாகப் பட்டது. பூச்சி மாத்திரை எனக்குப் பழகின மாத்திரை, என் கையால் எத்தனை பிள்ளைகளுக்குக் கொடுத்திருப்பேன். அது கொல்லட்டும், உடம்பும் தெம்பாகச் சண்டை போடட்டும் என்று நினைத்தேன். டாக்டருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. எனக்குத் தெரியாததா என்கிற திமிர்.

மறுநாள் இரண்டு மாத்திரைதான் கொடுத்தேன். "அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை?" என்று கேட்டார்.

"அது கோர்ஸ் முடிஞ்சிருச்சு" என்றேன்.

அதற்குப் பதில் அக்கா காய்ச்சிய கஷாயத்தை ஒரு டம்ளர் நீட்டினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார். இரண்டு நாள் நன்றாகத் தூங்கினார். தட்டைத் தள்ளவில்லை. பார்த்தீகளா என் கைராசியை என்று பீற்றிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் நான் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. டெப்போவில், அத்தனை டிரைவர் கண்டக்டர் முன்னால், பேனா பிடித்தபடியே விழுந்துவிட்டார். முதலில் இடது கைதான் இழுத்ததாம். ஆயாவிடம் பிள்ளைகளை விட்டுவிட்டு, கையில் ஒட்டியிருந்த சோற்றோடு ஓடினேன்.

திரும்ப மதுரை, திரும்ப ஸ்கேன். வட்டத்தைச் சுற்றி வீக்கம் முன்னைவிடப் பரவியிருந்தது. டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். "வீக்கத்துக்குக் குடுத்தது இருக்கும்போது இப்படி வரக்கூடாதே. மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டீங்களா?"

"ஒரு வேளை விடலை டாக்டர்" என்றார் என் வீட்டுக்காரர். "எம் பொண்டாட்டி கைல எடுத்துக் குடுப்பா. அவ தப்ப விடமாட்டா."

ஊரெல்லாம் கேட்கக் கத்துகிற வாய் அது. அன்றைக்குத் திறக்கவே இல்லை. மிச்சமிருந்த வெள்ளை மாத்திரை அட்டை என் பைக்குள் கிடந்தது, பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் என்னவோ எழுதிக்கொண்டே போனார்.

வெளியே வந்து, குடையை விட்டுவிட்டேன் என்று பொய் சொல்லித் திரும்ப ஓடினேன். அட்டையை மேஜைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "உசிருக்குப் பயமில்லம்மா. இந்த மாத்திரையை இன்னைக்கே மறுபடி ஆரம்பிங்க, வீக்கம் வத்திடும். ஆனா பஸ்..." என்று நிறுத்தினார். "காரணம் தெரிஞ்சுபோச்சுல்ல டாக்டர், தப்பு என்னோடதுதானே, அதை எழுதிக் கையெழுத்துப் போடுங்களேன்" என்று கெஞ்சினேன். "யார் தப்பா இருந்தாலும் வந்தது வலிப்புதானேம்மா. அம்பது பேரை வச்சுக்கிட்டு ஓட்டற வண்டிக்கு நான் எப்படிப் போடுவேன்?" என்றார். அட்டையைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவர் டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்டில்தான் உட்கார்ந்தார். கியர் மாற்றுகிற கையையே பார்த்துக்கொண்டு வந்தார். திருப்பத்தூர் தாண்டியதும் எனக்குத் தாங்கவில்லை.

"அந்த வெள்ளை மாத்திரை கோர்ஸ் முடியலைங்க. நாந்தான் நிறுத்துனேன்."

அவர் திரும்பவில்லை. டிரைவர் இரண்டு தடவை கியர் மாற்றினார். பிறகு, "சரி" என்றார். அவ்வளவுதான். கத்தினால் நானும் கத்துவேன், அழுதால் கூட அழுவேன். அந்த "சரி"யை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? காரைக்குடி வரைக்கும் டிக்கெட்டைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

இருபத்திரண்டு வருஷமாகத் தலைவலி மாத்திரையிலிருந்து எதுவானாலும் நான் உள்ளங்கையில் வைத்தால், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் வாயில் போட்டுக்கொள்கிற மனுஷன். மறுநாள் காலை மூன்று மாத்திரையையும் வைத்து, தண்ணீர் டம்ளரோடு கையை நீட்டினேன். அவர் பேப்பரை மடித்து ஓரமாக வைத்தார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"அட்டையையும் எடுத்துட்டு வா" என்றார். "டாக்டர் சீட்டையும்."

கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தார். அவர் பார்த்து முடிக்கும்வரை நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.