சைரன் கேட்ட சாலையில் மாலதியைப் பார்க்கப் போனது

என் மனைவி மாலதி, அணுமின் நிலையங்களைக் காக்கும் படையில் இருக்கிறாள். ஆறு வருடம் வடக்கே வேலை. ஊரப்பாக்கம் வீட்டுக்கு லீவில்தான் வருவாள். இந்த ஆண்டு அந்தப் படையினருக்காக மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரத்தில் ஒரு தேசியப் பயிற்சி மையம் தொடங்கினார்கள். முதல் பயிற்றுநர்களில் அவளும் ஒருத்தி; தொடக்க வாரங்களில் அங்கேயே தங்கியிருந்தாள். போன சனிக்கிழமை மாலை குடும்பத்தாரை உள்ளே அழைத்திருந்தார்கள். இனி அங்கே போகிறவர்கள் என்னைப்போல் பதற வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மதியம் ஒன்றரை மணிக்கு மின்சார ரயில், செங்கல்பட்டுக்குப் பத்து ரூபாய். அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல். (வலப்பக்கம் உட்காராதீர்கள், வெயில் கொல்லும்.) இறங்கி ஆட்டோ பிடித்தேன். மூன்று கிலோமீட்டருக்கு நூறு ரூபாய்.

பாதி வழியில் சைரன் அலறியது. முகமூடி போட்ட ஆட்களோடு ஒரு வேனும் பின்னாலேயே ஆம்புலன்ஸும் எங்களைத் தாண்டி மையத்தை நோக்கிப் பறந்தன. ஓட்டுநர் ஓரம் கட்டினார்.

"அண்ணாத்த, இன்னாமோ ஆயிப்போச்சு. திரும்பிக்கலாமா?"

"என் சம்சாரம் உள்ள இருக்கா."

அவர் உடனே வண்டியைக் கிளப்பினார். மாலதியின் போன் அணைந்திருந்தது. பதற்றத்தில் இரண்டு முறை வேறு யாருக்கோ அடித்துவிட்டேன்.

திருப்பத்தில் ஒரு அம்மா குடை நிழலில் மீன் விற்றுக்கொண்டிருந்தார். ஓட்டுநர் நிறுத்தினார்.

"யக்கா, அங்க இன்னா ஆச்சு?"

"ஒத்திகப்பா. எவனோ உள்ள பூந்துட்டா இன்னா பண்றதுன்னு பாக்கறாங்களாம். காலைலயே குப்பத்துல மைக் வச்சி சொன்னாங்க." என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "குடி நைனா. மொத தபா சொல்லாம ஊதிட்டாங்க, புள்ளைங்கள தூக்கினு ஓடுனோம். அப்பால ஒரு பொண்ணு ஆபீசர் வந்து மன்னிப்பு கேட்டுச்சு."

அந்தத் தண்ணீரைக் குடித்த பிறகுதான் எனக்கு மூச்சே சீராக வந்தது.

வாசலுக்கு மாலதி வியர்வையில் நனைந்து வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"குப்பத்துக்குப் போய் மன்னிப்பு கேட்டது நீயா?" என்றேன்.

"யாராவது கேக்கணும்ல?" என்றவள், நான் வந்த கதையைக் கேட்டு முகம் வாடினாள். "ரோட்ல வர்றவங்கள நாங்க நெனைக்கவே இல்லங்க." உடனே மேலதிகாரியிடம் போய்ப் பேசினாள். நாங்கள் இருவரும் வீட்டுக்குக் கிளம்பும்போது, "இன்று ஒத்திகை" என்று திருப்பத்தில் தட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே பெயின்ட் வாசனை போகாத வகுப்பறைகள், பழகுவதற்கென்றே போட்ட வேலி, மாதிரிக் கட்டுப்பாட்டு அறை. போகிறவர்கள் ஆதார் எடுத்துச் செல்லுங்கள். போனை வாசலில் வாங்கிக்கொள்வார்கள். உள்ளே இருப்பவர்கள் போன் எடுக்காவிட்டால் பயப்படாதீர்கள். ஐந்து மணிக்கு மேல் ஆட்டோ கிடைப்பது கஷ்டம், வந்தவரையே காத்திருக்கச் சொல்லுங்கள்.

திங்கட்கிழமை காலை மாலதியை ரயில் ஏற்ற ஸ்டேஷனுக்குப் போனேன். ஆறு வருடப் பழக்கதோஷத்தில், "அடுத்து எப்ப வருவ?" என்று கேட்டுவிட்டேன்.

"சாயங்காலம்" என்றாள். "தோசை மாவு வாங்கி வைங்க."